கரும்புகையின் சாட்சியம்: படகு இயந்திரங்களும் காற்றின் கணக்கும்

நெருப்பில்லாமல் புகையாது என்பது எமது மூத்தோர் வாக்கு. ஆயின் கரையோரத்தில் இயந்திரங்களோடு வாழ்ந்தோர் அறிந்த வேறோர் உண்மையும் உண்டு. நெருப்புச் செவ்வனே எரியுமிடத்தில் கரும்புகை எழுவதில்லை. அது எழுமிடத்தில் எரிபொருளின் ஒரு பகுதி முற்றாக எரியாமலே வெளியேறுகின்றது. படகொன்றின் பின்புறத்திலிருந்து கிளம்பும் கரும்புகையானது, உரிமையாளர் பணங்கொடுத்து வாங்கிய எண்ணெய் கரியாக மாறிக் காற்றோடு போகின்றது என்பதற்குச் சாட்சியாகும்.

இது சிறு விடயமன்று. 2022 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கையில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் ஒன்றுக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறுபடகுகளை நம்பி வாழும் எமது கரையோரக் குடும்பங்களை அது எவ்வாறு தாக்கியது என்பதை, ஊருக்குப் பணம் அனுப்பும் நாம் நன்கறிவோம். அத்தகைய வேளையில் ஒவ்வொரு துளி எண்ணெயும் முழுமையாக எரிகின்றதா என்ற கேள்வி, அடுப்பில் உலை ஏறுமா என்ற கேள்வியாகவே ஆகிவிடுகின்றது.

புகையைப் பார்த்து இயந்திரத்தின் நோயை அறியும் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் ஒரு பாடம் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகின்றது. கரும்புகை கண்டவிடத்தில் மனிதர் முதலில் எரிபொருளையே குற்றஞ்சாட்டினர். விடையோ பெரும்பாலும் காற்றில் இருந்தது. அப்பாடத்தை எமது வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கு கற்பித்த பாடம்

மின்சாரமற்ற இரவுகளைக் கடந்து வந்தவர்களுக்கு இப்பாடத்தின் முதற்பகுதி புதியதன்று. அரிக்கன் லாம்பின் திரியை அளவுக்கு மேல் உயர்த்தினால் சிமினி கறுத்துவிடும். சிமினியைக் கழற்றினால் சுடர் சிவந்து நடுங்கிப் புகை கக்கும். மீண்டும் மாட்டினால் சுடர் வெளுத்து நிமிரும். எண்ணெய் அதே எண்ணெய்தான். திரியும் அதே திரிதான். மாறியது காற்றின் ஓட்டம் ஒன்றே.

இதனை முதன்முதலில் முறைப்படி பயன்படுத்தியவர் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பிறந்த எமே ஆர்கண்ட் என்பவர். 1780களில் அவர் அமைத்த விளக்கில் திரி குழல் வடிவில் இருந்தது. அதன் உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் காற்றுச் சென்றது. மேலே கண்ணாடிக் குழாய் காற்றை இழுத்தது. முன்னைய விளக்குகளைவிட அது பன்மடங்கு ஒளி தந்தது; புகையோ மிகக் குறைந்தது.

பின்னர் 1860ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசனில் மைக்கேல் பரடே இளையோருக்கு மெழுகுதிரியைப் பற்றித் தொடர் விரிவுரைகள் ஆற்றினார். சுடரின் மஞ்சள் ஒளிக்குக் காரணம் அதனுள் சூடேறி ஒளிரும் கரித்துகள்களே என்றும், அவை போதிய காற்றைச் சந்தித்தால் எரிந்து மறையும், சந்திக்காவிடில் புகையாக வெளியேறும் என்றும் அவர் செய்துகாட்டினார். இயந்திரப் புகையின் விஞ்ஞானம் முழுவதற்கும் அடித்தளம் இதுவேயாகும்.

அளவைக் கணக்கிட்டால் வியப்பு மேலிடும். ஒரு கிலோ பெற்றோலோ டீசலோ முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். அதாவது ஒரு லீற்றர் டீசலுக்கு ஏறக்குறைய 10,000 லீற்றர் காற்று. எண்ணெய்த் தாங்கியைக் கண்ணுங்கருத்துமாகப் பார்க்கும் நாம், அதனினும் பெரிய இக்காற்றுக் கணக்கைக் கண்ணுக்குத் தெரியாத காரணத்தால் மறந்துவிடுகின்றோம்.

கொதிகலன் காலம்

நீராவிக் கப்பல்கள் உலகக் கடல்களை ஆண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புகை முன்னேற்றத்தின் அடையாளமாகவும் தொல்லையின் அடையாளமாகவும் ஒருங்கே விளங்கியது. இலண்டன் மாநகரின் புகைத் தொல்லையைக் குறைக்க 1853 இல் இயற்றப்பட்ட சட்டம், தொழிற்சாலை உலைகளோடு தேம்ஸ் நதியில் ஓடிய நீராவிப் படகுகளையும் தன் ஆணைக்குள் கொண்டுவந்தது. இன்று அந்நதிக்கரையில் வாழும் எம்மவர் பலர். அங்கே படகுப் புகை ஒரு சட்டப் பிரச்சினையாகி 170 ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

கடற்படைகளுக்கோ புகை உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. கப்பல் கண்ணுக்குப் புலப்படுவதற்கு முன்னரே அதன் புகை அடிவானில் தெரிந்து பகைவருக்கு அதனைக் காட்டிக்கொடுத்தது. பிரித்தானியக் கடற்படை குறைந்த புகை தரும் வேல்சு நிலக்கரியை விரும்பி வாங்கியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆயினும் நல்ல கரி மட்டும் போதவில்லை. உலையில் கரியை ஒரே தடவையில் குவித்தால் காற்று உட்புகாது, புகை கறுக்கும். சிறிது சிறிதாக, அடிக்கடி, மெல்லிய படையாகப் பரப்பினால் எரிவு சீராகும். உயரமான புகைபோக்கியும் பிற்காலத்தில் விசிறிகளும் உலைக்குள் காற்றைச் செலுத்தின. அக்காலப் பிரித்தானிய வணிகக் கப்பல்களின் உலைக்களங்களில் லாஸ்கர் என்று அழைக்கப்பட்ட எமது துணைக்கண்டத்து மாலுமிகள் பெருந்தொகையாக வெந்து உழைத்தனர். புகையைக் குறைத்த கைத்திறனில் அவர்களுடைய பங்கும் உண்டு.

புகையின் கருமையை அளப்பதற்கு வழிகண்டவர் பாரிசு நகரில் வேளாண் பொறியியற் பேராசிரியராக இருந்த மாக்ஸ் ரிங்கெல்மான். 1888 இல் அவர் வகுத்த முறை மிக எளிது. வெள்ளை அட்டைகளில் கறுப்புக் கோடுகளைக் கட்டங்கட்டமாக வரைந்தார். முதலாம் எண் அட்டையில் 20 வீதம் கருமை, இரண்டாவதில் 40, மூன்றாவதில் 60, நான்காவதில் 80. தொலைவில் வைத்துப் பார்த்தால் கோடுகள் கலந்து சாம்பல் நிறமாகத் தோன்றும். எழும் புகையை அதனோடு ஒப்பிட்டு எண் குறிக்கவேண்டியதுதான். 1897 இல் இம்முறை அமெரிக்காவில் அறிமுகமாகிப் பின்னர் உலகெங்கும் பரவியது. புகை அதுவரை வெறும் அபிப்பிராயமாக இருந்தது. ரிங்கெல்மானின் அட்டை அதனை அளவையாக்கியது.

டீசல் என்ற அகதிச் சிறுவன்

ஒவ்வொரு நாளும் நாம் உச்சரிக்கும் டீசல் என்ற சொல் ஒரு மனிதரின் பெயர். ருடோல்ப் டீசல் 1858 இல் பாரிசில் ஜேர்மனியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1870 இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, ஜேர்மனியர் என்ற காரணத்தால் அக்குடும்பம் பிரான்சை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்கள் இலண்டனில் தஞ்சம் புகுந்தனர். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ருடோல்ப் அங்கிருந்து தனியே ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். போர் துரத்திய குடும்பம், அந்நிய நகரம், பிரித்தனுப்பப்பட்ட பிள்ளை: எமது வாசகர்களுக்கு விளக்கம் வேண்டாத கதை இது.

அச்சிறுவன் வளர்ந்து பொறியியலாளனாகி, 1893 இல் தனது இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றான். 1897 இல் ஒக்ஸ்பேர்க்கில் அவ்வியந்திரம் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டபோது, எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 26 வீதத்தை அது பயனுள்ள வேலையாக மாற்றியது. அக்கால நீராவி இயந்திரங்கள் பலவற்றின் பயன் அதிற் பாதியைக்கூட எட்டவில்லை.

அதன் தத்துவம் எமது பொருளுக்கு நேரடியாகப் பொருந்துவது. டீசல் இயந்திரம் முதலில் காற்றை மட்டுமே உள்ளிழுக்கின்றது. அதனை நெருக்கிச் சூடேற்றுகின்றது. அதன் பின்னரே எரிபொருளை உள்ளே தூவுகின்றது. காற்று முதல், எண்ணெய் பின் என்பதே அதன் ஒழுங்கு. உள்ளே வந்த காற்றுக்கு மேற்பட்ட எண்ணெயைத் தூவினால் வலு கூடுவதில்லை, கரும்புகைதான் கூடுகின்றது. எனவேதான் உற்பத்தியாளர்கள் எண்ணெயின் உச்ச அளவைப் புகை எழும் எல்லைக்குள் நிறுத்தி, பம்பியின் திருகாணிக்கு முத்திரையிடுகின்றனர். வேகம் வேண்டி அம்முத்திரையை உடைப்போர் வாங்குவது புகையையே.

1912 பெப்ரவரியில் டென்மார்க்கின் கொப்பன்ஹேகனிலிருந்து பாங்கொக் நோக்கிப் புறப்பட்ட 'செலாண்டியா' என்ற கப்பல் இத்தத்துவத்தின் வெற்றியைக் கடலில் எழுதியது. பெருங்கடல் கடந்த பெரிய டீசற் கப்பல்களில் அது முன்னோடியானது. அதற்குப் புகைபோக்கியே இல்லை. வெளியேறும் வாயு பாய்மரக் கம்பத்தினூடாகச் சென்றது. இலண்டனை அது அடைந்தபோது பிரித்தானியக் கடற்படை அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் நேரிற் சென்று பார்வையிட்டார். கருமேகம் கக்காத கப்பலைத் துறைமுகங்கள் வியந்து நோக்கின.

டீசலின் முடிவோ துயரமானது. 1913 செப்ரெம்பர் 29 இரவு, பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்து சென்ற கப்பலிலிருந்து அவர் காணாமற்போனார். பின்னர் அவரது உடல் கடலிற் கண்டெடுக்கப்பட்டது.

அவருக்குப் பின் றொபேர்ட் பொஷ்ஷின் நிறுவனம் 1927 இல் எண்ணெய் தூவும் பம்பிகளைத் தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கியதும், டீசல் இயந்திரம் சிறிய ஊர்திகளிலும் படகுகளிலும் இடம்பிடித்தது. அதே நிறுவனத்தின் பெயரால் வழங்கும் புகையளவு முறையில், வெளியேறும் வாயுவை வெள்ளை வடிதாளினூடாக உறிஞ்சி, தாள் எவ்வளவு கறுத்தது என்பதைச் சுழியத்திலிருந்து பத்துவரை எண்ணாற் குறிப்பர்.

பெற்றோலும் வெளியிணைப்பு இயந்திரமும்

பெற்றோல் இயந்திரத்தின் வரலாறும் இதனையே வேறு வழியாகச் சொல்கின்றது. 1886 இல் கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் ஜேர்மனியின் நெக்கார் ஆற்றில் பெற்றோல் இயந்திரம் பூட்டிய படகை ஓட்டினர். பெற்றோலைக் காற்றோடு உரிய அளவிற் கலப்பதே அக்கால இயந்திரங்களின் பெருஞ்சிக்கல். 1893 இல் மேபாக், காற்று விரைந்து செல்லும் குழாயினுள் சிறு துளையினூடாகப் பெற்றோலைத் தூவும் காபரேற்றரை அமைத்தார். காற்றின் ஓட்டமே எண்ணெயை இழுக்கின்றது என்பதே அதன் சிறப்பு. ஆகவே காற்றின் வாய் அடைபட்டால், அல்லது சோக் திறவாது சிக்கிக்கொண்டால், கலவையில் எண்ணெய் மிகுந்து புகை கறுக்கும்.

நோர்வேயில் 1877 இல் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்றூட், 1909 அளவில் படகின் பின்புறத்தில் கொழுவக்கூடிய இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1960 இல் யப்பானின் யமஹா நிறுவனமும் இத்துறையில் இறங்கியது. மண்ணெண்ணெயில் ஓடும் வகைகளும் பின்னர் வந்தன. ஆசியக் கரைகளெங்கும் ஏழை மீனவரின் கைக்கு எட்டியவை அவையே.

எமது கரைகளில்

இலங்கையில் 1958 முதல் மூன்றரைத் தொன் எடையுள்ள உள்ளிணைப்பு இயந்திரப் படகுகள் அறிமுகமாயின. அதன்பின் கண்ணாடியிழைப் படகுகளும் வெளியிணைப்பு இயந்திரங்களும் பரவின. பாய்விரித்துச் சென்ற சமூகம் ஒரு தலைமுறைக்குள் எண்ணெயை நம்பிய சமூகமாயிற்று. 1973 இலும் 1979 இலும் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோது இதன் விளைவு வெளிப்பட்டது. 1979 இல் தொடங்கிச் சென்னையிலிருந்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், சிறுபடகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைக்கும் வழிகளை 1980களில் ஆராய்ந்து வெளியிட்டது. படகுக்குப் பொருந்தாத சுழல்விசிறியும் அடிப்புறத்தில் ஒட்டிய பாசியும் கொட்டலசும் எண்ணெயை எவ்வளவு விழுங்குகின்றன என்பதை மீனவர்க்கு உணர்த்த இத்தகைய முயற்சிகள் உதவின.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ். குடாநாட்டுக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டது. அந்நாட்களில் மோட்டார் வண்டிகளைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய கதை எம்மவர் அனைவரும் அறிந்ததே. வீதியெங்கும் கண்ணெரியும் புகை சூழ்ந்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த இயந்திரத்தில் அது துளியாகவே நின்று அரைகுறையாக எரிந்து, பிளக்கின் முனையில் கரியாகப் படியும். முதலிற் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும், நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிக் காபரேற்றரில் எஞ்சிய மண்ணெண்ணெயை எரித்துவிடவேண்டும் என்ற விதி அதனால் எழுந்ததே.

அதே காலத்தில், ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டித் துறையும் அடைபட்டபோது, மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகுகளிற் கடந்தனர். இயந்திரம் பூட்டிய படகொன்று வேறு பல படகுகளைக் கயிற்றில் பிணைத்து இழுத்துச் சென்றது. அளவுக்கு மிஞ்சிய சுமையில் இயந்திரம் உரிய சுழற்சியை எட்டாது, சூடேறும், உள்ளே கரி படியும். அந்நீரில் தாக்கப்பட்டு மாண்டோர் பலர். நடுநீரில் பிளக் கரிபிடித்து இயந்திரம் நின்றுபோவது என்றால் என்னவென்பதை அவ்வழியால் வந்தவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. இருளில் ஒலியையும் மணத்தையும் கொண்டே இயந்திரத்தின் நிலையறிந்த படகோட்டிகளின் கைகளில் அன்று எத்தனையோ குடும்பங்களின் உயிர் இருந்தது.

புகையைப் படிக்கும் முறை

வரலாறு தரும் பாடத்தை ஒழுங்குபடுத்தினால், நோயறியும் முறை பின்வருமாறு அமையும்.

முதலில் நிறத்தை நோக்குக. கறுப்பு, காற்றுக்கு மிஞ்சிய எரிபொருளைக் காட்டும். நீலம், மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். இரண்டடி இயந்திரத்தில் எண்ணெய்க் கலவை மிகுந்தாலும் இந்நிறம் தோன்றும். வெண்மை, எரியாத எரிபொருளாவியாகவோ நீராவியாகவோ இருக்கலாம். வெளியேறும் வாயுவோடு கடல்நீரும் கலந்து செல்லும் படகுகளில் சிறிதளவு நீராவி இயல்பானதே. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவு பிறக்கும். வெளிர் மண்ணிறம் நலம். உலர்ந்த மென்கரி, எண்ணெய் மிகுந்த கலவையின் அடையாளம். ஈரமான கறுப்பு, மசகெண்ணெயின் அடையாளம். சுண்ணாம்பு போன்ற வெண்மையோ எண்ணெய் குறைந்த கலவையைக் காட்டுவது. அது புகையைவிடக் கொடியது, ஏனெனில் அது பிஸ்ரனையே உருக்கக்கூடும்.

இரண்டாவதாகக் காற்றின் வழியை நோக்குக. வடிகட்டி அடைபட்டுள்ளதா? மழைக்கும் உப்புநீருக்கும் அஞ்சி இயந்திரப் பெட்டியை இறுக மூடிவிட்டோமா? பெட்டியின் மூடியைத் திறந்ததும் புகை குறைந்தால் விடை கிடைத்துவிட்டது; ஒரு சதமும் செலவில்லை.

மூன்றாவதாகச் சுமையை நோக்குக. சுழல்விசிறி படகுக்கு மிகப் பெரிதாக இருந்தாலோ, அதில் வலைத்துண்டு சிக்கியிருந்தாலோ, அடிப்புறம் கொட்டலசு பற்றியிருந்தாலோ, டீசல் இயந்திரம் உரிய சுழற்சியை எட்டாமலே முழு எண்ணெயையும் குடித்துக் கரும்புகை கக்கும். இயந்திரத்தைக் கழற்றுமுன் படகைக் கரையேற்றிப் பார்ப்பது அறிவுடைமை.

நான்காவதாக வெளியேறும் வழியை நோக்குக. உப்பும் கரியும் படிந்து குழாய் ஒடுங்கினால் பழைய வாயு வெளியேறாது. புதிய காற்று உள்ளே வராது. மேலும் கரி படியும். புகையே புகையை வளர்க்கும் நிலை இதுவாகும்.

இவை யாவும் சரியெனக் கண்ட பின்னரே எரிபொருளிற் கைவைக்கவேண்டும். காபரேற்றரின் மிதவையும் ஊசி வால்வும் அழுக்கில் சிக்கி எண்ணெயை வழியவிடுகின்றனவா, டீசல் தூவியின் வாய் தேய்ந்து எண்ணெய் சொட்டுகின்றதா என்பன அப்போதுதான் கேட்கவேண்டிய கேள்விகள். பலர் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, முதலிலேயே திருகாணியைத் திருப்பிப் பணத்தையும் இயந்திரத்தையும் இழக்கின்றனர்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

புகையின் கேடு பணத்தோடு முடிவதில்லை. 2012 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசற் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதாக உறுதிபட வகைப்படுத்தியது. எண்ணெய் மிகுந்து ஓடும் பெற்றோல் இயந்திரமோ காபன்மொனொக்சைட் என்ற வாயுவைப் பெருமளவில் கக்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய படகறையில் அது தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். தலைவலியும் மயக்கமும் கண்டால் உடனே திறந்த காற்றுக்கு வருதல் வேண்டும். படகறையில் இவ்வாயுவை அறிவிக்கும் கருவியைப் பொருத்துவதும் இன்றியமையாதது.

ஆர்கண்டின் கண்ணாடிக் குழாயும், பரடேயின் மெழுகுதிரியும், ரிங்கெல்மானின் அட்டையும், அகதியாய் அலைந்த டீசலின் இயந்திரமும் கற்பிப்பது ஒன்றே: எரிபொருளுக்கு உரிய காற்றைக் கொடு. எமது கரைகளில் ஏட்டுக்கல்வியின்றியே இதனைக் கற்று, புகையைக் கண்டும் மணத்தை முகர்ந்தும் இயந்திரங்களுக்கு வைத்தியம் பார்த்த தொழிலாளர் பலர் இன்று முதுமையடைந்து பல நாடுகளிற் சிதறி வாழ்கின்றனர். அவர்களுடைய அறிவு எந்த நூலிலும் இல்லை. வார இறுதியொன்றில் அவர்களுடன் அமர்ந்து கேட்டு எழுதி வைப்பது எம் பிள்ளைகள் செய்யக்கூடிய பணி. ஊரில் இன்றும் கடலுக்குப் போகும் உறவினர்க்கு நாம் அனுப்பும் பணத்தோடு அவ்வறிவையும் அனுப்புவோமாயின், அது இயந்திரத்தினும் நீண்ட காலம் உழைக்கும்.